இடையூறுக்கு வருந்துகிறோம்

டப்ளினில் நாடாளுமன்றக் கமிட்டிக்கு மொழிபெயர்க்கப் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பாதிக்கப்பட்டவரை எக்காரணம் கொண்டும் சிரிக்க வைக்க மாட்டேன் என்று அதில் நான் உறுதி சொல்லியிருந்தேன்.

படித்துவிட்டு எனக்குத்தான் சிரிப்பு வந்தது. நாற்பத்து நான்கு வயதில், என் நகைச்சுவையை ஒருவர் ஆபத்து என்று மதித்தது அதுவே முதல் தடவை. பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் மனைவி அந்தத் தவறைச் செய்ததில்லை.

இயந்திரங்கள் எல்லா மொழியையும் எல்லா மொழிக்கும் மாற்றுகிற காலத்தில் எனக்கு வேலை இருப்பதே சட்டத்தின் ஓர் உட்பிரிவால்தான். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு எதையும் மனிதர் வாயிலிருந்தே கேட்கிற உரிமை உண்டு என்கிறது அது. ஆக, நான் மனிதன் என்பதுதான் என் தகுதி. அதற்குத் தேர்வு ஏதும் வைக்கவில்லை, பிழைத்தேன். இந்தத் தடவை கூடுதலாக ஒரு பெருமையும் சேர்ந்திருந்தது. பாதிக்கப்பட்ட அம்மா என்னைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். என் தமிழின் மகிமை எங்கோ பரவியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நல்ல சட்டையாக எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

அமலோற்பவம் அக்கா காத்திருப்பு அறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. சொந்த ஊர் வீரபாண்டியன்பட்டணம். வெளியே அபூர்வமாக வெயில் அடித்தது. திரும்பினால் புல்வெளியும் அதில் உருண்டு விளையாடும் ஒரு நாயும் தெரியும். அதனால்தான் அவர் திரும்பவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. வலது காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி ஒட்டியிருந்தது.

"வணக்கம்க்கா. நான் சிதம்பரநாதன், பாளையங்கோட்டை. இங்க சிட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. முழுப் பேரையும் சொல்லி முடிக்கதுக்குள்ள பஸ் போயிருதாம்."

அக்கா சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒன்ன அவன் வீட்டாளுக அனுப்பலையே?"

"ஐயோ, இல்லக்கா. மொழிபெயர்க்க வந்தவன். இந்தா, அட்டை."

"அட்டை போன மாசம் வந்தவளும்தான் வச்சிருந்தா. பூனைக்குட்டி வளக்கியளாம்மான்னு கேட்டா."

அவர் சந்தேகத்தில் தப்பில்லை. அமைதி அளவைச் சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நல்லவர்கள் கூடி, நல்ல எண்ணத்தோடு எழுதிய சட்டம். அதற்கு முன்னால் நீதிபதி ஐந்து வருடம், ஏழு வருடம் என்று ஏதோ ஒன்றைச் சொல்வார். பறிகொடுத்தவருக்கு அது போதுமா என்று கேட்க ஆளில்லை. இப்போது அந்தப் பொத்தான் கேட்கிறது. மனத்தின் வலியைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண்ணாகச் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிகாரபூர்வமாக அளப்பார்கள். தொடர்ந்து இரண்டு தடவை நாற்பதுக்குக் கீழே வந்தால், பாதிக்கப்பட்டவர் அமைதி அடைந்துவிட்டார் என்று அர்த்தம். குற்றவாளி வெளியே வரலாம். அதுவரை உள்ளேதான்.

சட்டம் எழுதியவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. உள்ளே இருப்பவனின் குடும்பம் வெளியே இருப்பவரைச் சந்தோஷப்படுத்தப் படாத பாடு படும் என்று. பூங்கொத்து வந்தது, கேக் வந்தது, பூனைக்குட்டி வந்தது. தற்செயலாகப் பழகுவதுபோலப் பழகிச் சிரிக்க வைப்பதையே தொழிலாக வைத்துக்கொண்ட ஆறுதல்காரர்கள் கிளம்பினார்கள். என் கையெழுத்துக்குக் காரணம் அவர்கள்தான். பாதிக்கப்பட்டவர்களோ, சந்தோஷம் எதிரே வந்தால் தெரு மாறி நடக்கப் பழகினார்கள்.

"போன தடவ அளந்தப்ப எவ்வளவுக்கா?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு."

இன்று கமிட்டி முன்னாலேயே இரண்டாவது அளவு எடுக்கப் போகிறார்கள். நாற்பதுக்குக் கீழே வந்தால் அடுத்த மாதம் அவன் வெளியே.

"நான் ஒண்ணும் செய்யல தம்பி," என்றார், ஏதோ திருடிவிட்டு விளக்கம் சொல்பவர்போல. "முதியோர் இல்லத்து அடுக்களைலதான் எனக்கு வேல. ஒரு நா பாத்திரம் கழுவிக்கிட்டு நிக்கேன், வாயில ஒரு பாட்டு வந்திட்டு. அம்புட்டுதான். எறங்கிரும்னு அப்பவே தெரியும்."

"ஊருக்குப் போகவே இல்லையாக்கா?"

"எப்படிப் போக? ஆறு மாசத்துக்கு ஒருக்க நேர்ல வந்து காதக் காட்டணும்லா. ஊரப் பாத்துட்டு வந்தா எண்ணு எறங்கியிருக்கும். மக கல்யாணத்துக்கே போகல. வீடியோ அனுப்பினா, தெறக்கல. தெறந்தா சந்தோசம் வந்துருமே."

"மக ஒண்ணும் சொல்லலையா?"

"செத்துப்போனவனுக்கு இருக்க அம்மா உசிரோட இருக்கவளுக்கு இல்லையான்னு கேட்டா. நியாயந்தான. என்ன பதில் சொல்லச் சொல்லுத?"

அவர் மகன் ரோச் இங்கே படிக்க வந்தவன். இருபது வயதில், ஒரு மீன் வறுவல் கடை வாசலில், வரிசையில் யார் முன்னால் என்ற தகராறில், டெக்லன் என்கிற பையன் ஒரு குத்து விட்டான். ஒரே ஒரு குத்து. ரோச் விழுந்த இடத்தில் நடைபாதைக் கல்லின் விளிம்பு இருந்தது. டெக்லனுக்கும் அப்போது அதே வயதுதான். உள்ளே போய் ஆறு வருடம் ஆகிறது. பழைய சட்டமாக இருந்தால் போன வருடமே வந்திருப்பான். இன்று விவாதத்தில் இருந்த திருத்தமும் அதைத்தான் கேட்டது. எண்ணை எடுத்துவிட்டுப் பழையபடி வருடத்துக்குத் திரும்புவோம் என்று. அது நிறைவேறினாலும் அவன் வெளியேதான். அக்கா அதை எதிர்த்துப் பேச வந்திருந்தார்.

"எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான். இதையும் புடுங்காதியன்னு சொல்லணும். அவ்வளவுதான்." பிறகு, "பேசு தம்பி," என்றார்.

"என்னத்தக்கா பேச?"

"எதையாச்சும் பேசு. ஒன் குரலக் கேக்கணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவது, அதைச் சரிசெய்ய வந்தவன் அதைவிட அதிகமாகப் பேசியது, உருளைக்கிழங்கை இந்த ஊர்க்காரர்கள் கும்பிடாத குறையாக நடத்துவது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். சிரிப்பு வரும் இடங்களைக் கையெழுத்தை நினைத்துத் தாண்டிப் போனேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் இரண்டு கையும் இறுகியிருந்தன. வெளிநாட்டில் தமிழ் கேட்கிற ஏக்கம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பேசினேன்.

கமிட்டி அறையில் எனக்கு அக்காவின் பக்கத்து நாற்காலி. எங்கள் தொழிலில் "நான்" என்ற சொல் எங்களுடையது அல்ல. அவர் "நான்" என்றால் நானும் ஆங்கிலத்தில் "நான்" என்பேன். அது அவர். எனக்கே ஏதாவது சொல்ல இருந்தால் "மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புகிறார்" என்று யாரோ மூன்றாம் மனிதனைப்போலச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை தேவைப்பட்டால் அதிகம்.

முதலில் உறுப்பினர் கோர்மக் பேசினார். திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். "நாம் ஒரே பூட்டுக்குள் இரண்டு பேரைப் போட்டு வைத்திருக்கிறோம். சாவியை அழுகிறவர் கையில் கொடுத்து, அழுகையை நிறுத்தினால் கதவு திறந்துவிடும் என்று பயமுறுத்துகிறோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பாதிக்கப்பட்டோர் உரிமை," என்றார்.

எதிர்த்துப் பேசியவர் நோரா. சட்டத்தை எழுதியவரே அவர்தான். "என் தம்பியைக் கொன்றவன் மூன்று வருடத்தில் வெளியே வந்தான். எங்கள் தெருவிலேயே குடியிருந்தான். என் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் குட் மார்னிங் சொன்னான். அம்மாவும் பதிலுக்குச் சொன்னாள். வேறு என்ன செய்வாள்? அந்தக் குட் மார்னிங்கைக் கேட்டுத்தான் இந்தச் சட்டத்தை எழுதினேன்," என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

இரண்டையும் நான் அக்காவின் காதில் தமிழாக்கினேன். இரண்டும் நியாயமாகவே இருந்தன. மொழிபெயர்ப்பவனின் சாபம் அது. யார் பேசினாலும் அந்த நேரத்துக்கு அவன்தான் நான்.

பிறகு கோர்மக் அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, ஆறு வருடம் ஆகிவிட்டது. எதை உங்களால் கீழே வைக்க முடியவில்லை?"

அக்கா மேஜையைப் பார்த்தபடி பேசினார். "எம்புள்ள செத்ததக்கூட ஒரு வழியா எடுத்துக்கிடலாம். கடல்ல போனவுக திரும்பாமப் போன வீடுதான் எங்க வீடு. அது இல்ல விசயம். எங்க ஊர்ல ரோட்டத் தோண்டிப் போட்டுட்டு ஒரு போர்டு வப்பாக. இடையூறுக்கு வருந்துகிறோம்னு. கரண்டு ஆபீஸ்லயும் மாட்டியிருக்கும். தீர்ப்பு அன்னைக்கு அந்தப் பய எந்திரிச்சான். என்னப் பாத்தான். உங்களுக்கு ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறேன்னான். எம்புள்ள என்ன, ரோட்டுல தோண்டின குழியா?"

நான் அரை வாக்கியம் பின்னால் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். போர்டு வரை வந்துவிட்டேன். அதற்குமேல் வாய் நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்தத் தமிழ் என்னுடையது.

இந்த நாட்டுக்கு வந்த ஏழாவது மாதம். அப்போது ஒரு நாளைக்கு நாலு நீதிமன்றம், எல்லாம் ஒலிவழி. ஒரு சின்ன அறையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பேன். முகம் தெரியாது. பெயரும் சொல்ல மாட்டார்கள், "பாதிக்கப்பட்டவர்" அவ்வளவுதான். ஒருநாள் ஒரு பையன் திணறித் திணறி "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்றான். நீதிமன்றம் ஆயிற்றே என்று, தொந்தரவு என்று கொச்சையாகப் போடாமல், இடையூறு என்று தரமான சொல்லாகப் போட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மனைவி நிற்க, ஊரே வரிசையில் வந்து ஒவ்வொருவராக அந்தக் கையைப் பிடித்து அதே வார்த்தையைச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. அசடு வழிந்தேன். அதோடு விட்டேனா? வந்த புதிதில் நான் செய்த கூத்து என்று அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கி, விருந்துகளில் சொல்ல ஆரம்பித்தேன். எப்போதும் நன்றாக எடுபடும். என் மனைவிகூட ஒரு தடவை சிரித்தாள்.

"மொழிபெயர்ப்பாளர்," என்றேன் ஆங்கிலத்தில். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மொழிபெயர்ப்பாளருக்குப் பத்து நிமிட இடைவேளை வேண்டும்."

நடைபாதையில் ஒரு தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் அக்காவை நிறுத்தினேன்.

"அக்கா, அன்னைக்கு கோர்ட்டுல உங்க காதுல பேசினது நான்தான்."

"தெரியும்," என்றார்.

"என்னது?"

"ஒன் குரல் எனக்குத் தெரியாதா? அவன் சொன்னது இங்கிலீசு. எனக்குக் கேட்டது ஒன் குரலு. ஆறு வருசமா அந்த வார்த்த ஒன் குரல்லதான் கேக்கு. எண்ணு எறங்கிட்டு, என்ன செய்யன்னு தெரியல. ஒன் குரலக் கேட்டா மறுபடி ஏறும்னுதான், அன்னைக்குப் பேசின ஆளே வேணும்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து வரச் சொன்னேன்." நிறுத்தினார். "ஒன் மேல கோவம் இல்ல தம்பி. அவன் சொன்னத நீ சொன்ன. நீ என்ன செய்வ."

என் தமிழின் மகிமை.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் நல்ல தொழிலாளி. கோபம் அவருக்கு மிச்சம் இருந்திருக்கும். அதுதான் அவர் கேட்டதும். ஆனால் சிறையில் ஒருவன் என் சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தான்.

"அவன் அதச் சொல்லலக்கா. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல எழவு வீட்டுக்குப் போனா அதத்தான் சொல்லுவாங்க. எல்லாரும். வேற எங்கயும் சொல்ல மாட்டாங்க. அந்த ட்ரபிளுங்கது தொந்தரவு இல்ல. துக்கம். ஒருத்தர் கையப் புடிச்சுக்கிட்டு மட்டும்தான் அதச் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல அதுக்கு வார்த்தையே கெடையாதுக்கா. நாம போயி கையப் புடிச்சிட்டு உக்காந்துருவோம். எனக்கு அப்ப தெரியல. அகராதியில இருந்தத எடுத்துப் போட்டுட்டேன்."

"கையப் புடிச்சிக்கிட்டு..."

"ஆமா. அவன் கூண்டுல நின்னான். புடிக்க வழி இல்ல."

அக்கா குழாயைத் திறந்து, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை. பிறகு மூடினார்.

"கண்ணு செவந்திருந்திச்சு அவனுக்கு," என்றார். "நான் பாத்தேன். குடிச்சிட்டு வந்திருக்கான்னு நெனச்சேன்."

"அக்கா..."

"வருசம் எத்தன? ஆறா? அதுல பாதி போதும்னு எனக்கே தோணுன நாளு உண்டு தம்பி. அப்பல்லாம் அந்த வார்த்தையத்தான் எடுத்து எடுத்துப் பாப்பேன்." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வா. உள்ள போவம். நான் சொல்லுதத ஒரு எழுத்து மாறாமச் சொல்லு."

உள்ளே போனதும் அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "அந்தப் பையன விட்டுருங்க. எனக்குப் போதும்."

சொன்னேன். ஒரு எழுத்து மாறவில்லை.

கோர்மக் நிமிர்ந்தார். நோரா மட்டும் மிகவும் வருத்தமாக அக்காவைப் பார்த்தார். "அம்மா, இந்தச் சட்டத்தில் வாய் வார்த்தை செல்லாது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினோம். முன்பெல்லாம் கொலைகாரனின் உறவினர்கள் வாசலில் வந்து நின்று மன்னித்தேன் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இனி யாரும் எந்தப் பெண்ணையும் அதைச் சொல்ல வைக்க முடியாது. உங்கள் மனம் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம்."

அளவெடுக்க வந்த பெண்ணின் பெயர் ஈஃபா. கையடக்கமான ஒரு கருவியை அக்காவின் காதருகே பிடித்தாள். ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் நான் மனசுக்குள் கீழே, கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தேன், லிப்டுக்குள் நிற்பவன் மாதிரி.

ஈஃபா எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். "எழுபத்தொன்று," என்றாள்.

நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. எண்கள் அக்காவுக்குத் தெரியும்.

"தப்பு," என்றார் அக்கா. "மறுபடி அளக்கச் சொல்லு."

மறுபடி அளந்தார்கள். எழுபத்திரண்டு.

"மொழிபெயர்ப்பாளர் கேட்க விரும்புகிறார்," என்று நான் குறுக்கிட்டேன். "அந்தப் பையன்மேல் இவருக்கு இருந்த கோபம் போய்விட்டது. அப்படியிருக்க எண் எப்படி ஏறும்?"

ஈஃபா சங்கடத்தோடு சொன்னாள்: "இது வலியை அளக்கும். யாரால் வந்தது என்று அளக்காது. மகனுக்காக வருந்தினாலும், வேறொருவனை அநியாயமாக உள்ளே வைத்துவிட்டோமே என்று வருந்தினாலும், இதற்கு எல்லாம் ஒன்றுதான்."

நோரா என்னிடம் திரும்பினார். "பத்து நிமிடத்துக்கு முன் ஒரு பேச்சு, இப்போது ஒரு பேச்சு. நடைபாதையில் என்ன நடந்தது?"

பிறகு பதினைந்து நிமிடம் நான் என்னைப் பற்றி மூன்றாம் மனிதனாகப் பேசினேன். மொழிபெயர்ப்பாளர் இன்ன தேதியில் இன்ன சொல்லைத் தவறாக மாற்றினார், மொழிபெயர்ப்பாளருக்கு நான்கு வருடம் முன்பே தவறு தெரியும், மொழிபெயர்ப்பாளர் அதை எங்கும் தெரிவிக்கவில்லை. விருந்துகளில் தெரிவித்ததை மட்டும் சொல்லவில்லை. ஒருவர்கூடச் சிரிக்காமல் கேட்டார்கள். என் வாழ்நாளில் அந்தக் கதை எடுபடாமல் போனது அங்கேதான்.

எல்லாவற்றையும் குறிப்பில் ஏற்றிக்கொண்டார்கள். வாக்கெடுப்புக்கு முன் நோரா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இந்த அம்மாவின் வாய் மன்னித்துவிட்டது. மனம் எழுபத்திரண்டு என்கிறது. இந்த எண்ணை எடுத்துவிட்டால் அந்த மனத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?" அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நம்பிச் சொன்னார். திருத்தம் மூன்று வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.

தாமதமாகத் திருத்திய குற்றத்துக்காக எனக்கு ஆறு மாதம் பணி இடைநீக்கம். இரண்டாம் நாள் அக்கா போன் செய்தார்.

"வேல இல்லாமத்தான இருக்க? சனிக்கிழம வீட்டுக்கு வா."

"எதுக்குக்கா?"

"நீதான கெடுத்த? நீதான் சரி பண்ணணும். என்னச் சிரிக்க வை."

போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். இந்த நாட்டிலேயே சட்டப்படி தடை செய்யப்பட்ட ஒரே நகைச்சுவையாளன், தன்னிடம் இருந்த சரக்கையெல்லாம் ஒரு சமையலறை மேஜையில் கொட்டினான். அக்கா கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "இதுல சிரிக்க வேண்டியது எங்கன?" என்று மரியாதையாக விசாரிப்பார். நான் இடத்தைக் காட்டுவேன். தலையை ஆட்டிவிட்டுச் சிரித்துப் பார்ப்பார். சிரிப்பு என்றால் வாய் மட்டும் அகலமாகும். ஈஃபா பரிதாபப்பட்டு வீட்டில் வைத்து அளக்கும் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தாள். எழுபது. எழுபத்தொன்று. அறுபத்தொன்பது.

"அழுதா உள்ள இருப்பான்னு ஆறு வருசம் அழுதேன்," என்றார் ஒருநாள். "அதுகூட நானா செய்யல தம்பி, தானாத்தான் வந்திச்சி. இது வரமாட்டேங்கே."

மகளின் கல்யாண வீடியோவையும் போட்டார். மாப்பிள்ளை நடனமாடும் இடத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் அந்தப் பையன் பாக்க முடியுமா அங்கன?" என்று கேட்டார். நான் வீடியோவை நிறுத்தினேன்.

ஆனாலும் மெல்ல இறங்கியது. நான்காவது மாதம் அறுபத்து நான்கு. அக்கா நாள்காட்டியை வைத்துக்கொண்டு விரல் விட்டுப் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் நாற்பதைத் தொட இன்னும் ஒரு வருடத்துக்கு மேல், அதற்குப் பிறகு அடுத்த அளவுக்கு ஆறு மாதம்.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. அளக்கிற எண்ணைச் சட்டப்படி உள்ளே இருப்பவனுக்கும் தெரிவிப்பார்கள். டெக்லன் முப்பத்தெட்டைப் பார்த்திருந்தான். பிறகு எழுபத்திரண்டைப் பார்த்திருந்தான். கமிட்டியில் நடந்ததையும் எங்கள் சனிக்கிழமைகளைப் பற்றியும் யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். கோடு போட்ட தாளில் ஒரு பக்கம்.

அக்கா அதை என்னிடம் நீட்டினார். நான் அன்று படிக்க மறுத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒவ்வொரு வரியையும் இந்த ஊர்க்காரர்கள் நாலு பேரிடம் காட்டி, இதற்கு இதுதானே அர்த்தம், வேறு இல்லையே என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவியிடமும் கேட்டேன். அவள் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "நேரான ஆங்கிலம்தான், சிட்டு. ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, அக்காவின் மேஜையில் வைத்து வாசித்தேன்.

"அம்மா, நான் டெக்லன். எண்ணைப் பார்த்தேன். என்னை வெளியே விடுவதற்காக நீங்கள் சிரிக்கப் பழகுவதாகச் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அன்று மொழி தவறிப்போனது பற்றியும் தெரிந்துகொண்டேன். அது யார் தப்பும் இல்லை. குத்து விட்டது நான்தான், அதில் மொழிபெயர்ப்பு ஒன்றும் இல்லை. உங்களுக்குச் சிரிப்பு எப்போது தானாக வருகிறதோ அப்போது வரட்டும். அவசரமே இல்லை. நான் எங்கேயும் போய்விட மாட்டேன்."

அக்கா கடைசி இரண்டு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். ஜன்னலோரம் வைத்திருந்த கருவியை எடுத்து அவரே காதருகே பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம். மேஜைமேல் எண் தெரியும்படி வைத்தார்.

எழுபத்தெட்டு.

நாங்கள் இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா கடிதத்தை நாலாக மடித்தார். மடித்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதையாச்சும் நீ தப்பா மாத்தியிருக்கக் கூடாதா, தம்பி?"